சுஜாதாவின் கணிப்பொறிக் கட்டுரைகளில் வினாவும் விடையும்

சுஜாதாவின் (1935–2008) புனைகதைகள் பெற்ற ஆய்வுக் கவனத்தை அவருடைய அறிவியல் கட்டுரைகள் பெறவில்லை எனலாம். அவை வார இதழ்களுக்காக எழுதப்பட்டவை. செய்தி பழையதானதும் பயன் குன்றுபவை என்பதே அவற்றின்மீது கூறப்படத்தக்க தடை. செய்தி பழையதானது உண்மையே. நெகிழ்வட்டைப் பற்றியோ தொலைபேசிக் கம்பிவழி இணைய இணைப்பைப் பற்றியோ அறிய இன்று எவரும் அவரை நாடார். ஆயினும், புதிய பொருளொன்றைக் கண்டவுடன் அதன் மூடியைத் திறந்து உள்ளே நோக்க விழையும் மனத்திற்குத் தமிழில் எத்தகைய வாக்கியம் வாய்த்தது என ஆராய்வார்க்கு இவையே முதன்மைச் சான்றுகள்.

ஜூனியர் விகடனில் வெளிவந்த அவருடைய வினா-விடைப் பகுதியின் தலைப்பு ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்பது. ‘ஏன்’ காரணத்தையும், ‘எதற்கு’ பயனையும், ‘எப்படி’ செயல்முறையையும் வினவுகின்றன. கணிப்பொறியைப் பொறுத்தவரை மூன்றாவதே கடினமானது. பயனைப் பட்டியலிட்டு விடலாம். செயற்படும் முறையை விளக்கப் படிப்படியாக நகரும் உரைநடை வேண்டும். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றி, மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்திலும் பங்குகொண்ட சுஜாதாவுக்கு அந்நடை இயல்பாகக் கைவந்தது.

நன்னூலார் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என அறுவகைப்படுத்துவார். கணிப்பொறி எங்ஙனம் கூட்டுகிறது என்பது அறியாவினா. அது சிந்திக்குமா, சிந்திக்காதா என்பது ஐயவினா. முன்னதற்கு விடையிறுக்கையில் சுஜாதா ஆசிரியர். பின்னதற்கு விடையிறுக்கையில் பெரும்பாலும் கதைசொல்லி. சிலவிடங்களில் நன்னூலார் கூறும் ‘வினாவெதிர் வினாதல்’ முறையில் ஒரு குறும்பான எதிர்வினாவோடு நிறுத்திக்கொள்கிறார். வாசகர் சிரிக்கிறார், ஐயமோ அப்படியே நிற்கிறது. அவருடைய நடைக்குப் புகழ் தேடித் தந்த இவ்வுத்தியே அவருடைய அறிவியல் உரைநடையின் குறையுமாகும்.

கலைச்சொல்லில் அவர் கொண்ட நிலைப்பாடு விவாதத்திற்குரியது. ‘கணிப்பொறி’, ‘கணினி’ ஆகிய சொற்கள் வழங்கத் தொடங்கிய பின்னரும் ‘கம்ப்யூட்டர்’ என்றே எழுத அவர் தயங்கவில்லை. இதனைத் தமிழ்ப்பற்றின்மை என்பது எளிது, சரியன்று. ‘சிலிக்கன் சில்லுப் புரட்சி’ என்னும் அவருடைய நூற்பெயரை நோக்குக. சில்லு என்பது உடைந்த ஓட்டுத்துண்டு. சிறுவர் விளையாட்டிலும் தேங்காய்ச் சில்லிலும் பயில்வது. ‘சிப்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஒலியிலும் பொருளிலும் இதனைவிட நெருங்கிய தமிழ்ச்சொல் கிடைத்தல் அரிது. 1990இல் தொடங்கிய டெக்னோபார்க்கின் அருகே, காரியவட்டத்தில் தமிழ் பயிலும் மாணவர்க்கு இச்சொல் வேறொன்றையும் நினைவூட்டும். மலையாளத்தில் ‘சில்லு’ கண்ணாடியைக் குறிக்கும். கண்ணாடிக்கும் சிலிக்கனுக்கும் மூலம் மணலே. உயிரின்றி நிற்கும் மெய்யெழுத்து வடிவங்களுக்கும் மலையாளத்தில் ‘சில்லு’ என்றே பெயர். அவ்வெழுத்துகளுக்குக் கணிப்பொறியில் தனிக் குறியெண் வேண்டுமா என்னும் நெடிய விவாதத்திற்குப் பின், 2008இல் வெளிவந்த யுனிகோடு 5.1 பதிப்பில் அவை தனித்தனி இடம் பெற்றன. சொல்லை ஆக்குதலினும் வழக்கிலுள்ள சொல்லைக் கண்டெடுத்தல் மேலானது என்பதற்கு ‘சில்லு’ ஒன்றே போதுமானது. சுஜாதா இவ்வழியில் இன்னும் தொலைவு சென்றிருக்கலாம்.

அவருடைய வினாக்களின் முழு வீச்சைக் கட்டுரைகளினும் 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’ புதினத்திலேயே காணமுடிகிறது. அதன் எதிர்கால இந்தியாவில் குடிமக்கள் பெயர் ஈரெழுத்தைத் தாண்டலாகாது: நிலா, சிபி, ரவி, மனோ. பெயரைக் கணிப்பொறிப் பதிவின் ஒரு சிறு கட்டமாகக் காணும் ஆட்சியை இதனினும் சுருக்கமாகச் சொல்ல இயலாது. அங்கே ஆள்பவனும் ‘ஜீவா’ என்னும் ஈரெழுத்துப் பெயரினனே. அவன் வெறும் ஒளியுரு என்பது பின்னர் வெளிப்படுகிறது. அவ்வுருவை வணங்கும் மக்களிடத்து ஐயவினா அற்றுப்போய்விட்டது. ஏவல் கேட்பதற்கெனச் செய்யப்பட்ட இயந்திர நாய் ஜீனோவோ புத்தகம் படிக்கிறது, மறுத்துப் பேசுகிறது, கேள்வி கேட்கிறது.