தோளுக்குப் பொருந்தும் துப்பாக்கி

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களிடையே நெடுநாளாக ஒரு வாக்குவாதம் நடந்துவருகிறது. துப்பாக்கியைக் கடையில் முழுதாக வாங்குவதா, அல்லது ரிசீவர் என்னும் நடுப்பகுதி, குழல், விசை, தோளில் ஊன்றும் கட்டை என்று தனித்தனியாக வாங்கித் தன் விருப்பப்படி கூட்டிக்கொள்வதா என்பதுதான் அது. கூட்டரசுச் சட்டத்தின் பார்வையில் ரிசீவர் மட்டுமே துப்பாக்கி. கடையில் படிவம் நிரப்பி, உரிமம் பெற்ற வணிகரிடமிருந்து வாங்க வேண்டியது அதுதான். குழலையும் கட்டையையும் பொதுவாகத் தபாலிலேயே வரவழைத்துக்கொள்ளலாம். அதனால் கூட்டுவது சாதாரண வேட்டைக்காரருக்கும் எட்டுகிற வழக்கமாகவே இருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் முதல் காரணம், கூட்டிய துப்பாக்கி குறி தவறாது என்பது. ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. இன்று வேட்டைக்காரருக்கு அந்தக் காரணம் செல்லாது என்றே நான் நினைக்கிறேன். கூட்டுவதற்கு இப்போது மிஞ்சியிருக்கும் வலுவான நியாயம் ஒன்றுதான்: தூக்குகிறவரின் உடம்புக்கு அது பொருந்துவது.

இந்த வழக்கம் வேரூன்றியதே ராணுவத்தின் மிச்சத்தில்தான். இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகும் ஸ்பிரிங்ஃபீல்டு 1903, மவுசர் 98 போன்ற துப்பாக்கிகள் மலிவாகக் குவிந்தன. உறுதியான எஃகு, தோட்டா அறையை அடைக்கும் நம்பகமான போல்ட். ஆனால் நீண்ட குழல், கனத்த கட்டை. பட்டறைக்காரர்கள் அவற்றைக் கழற்றி, புதுக் குழல் போட்டு, வால்நட் மரத்தில் கட்டை இழைத்து, காட்டுக்கு ஏற்றதாக மாற்றினார்கள். 1936இல் வின்செஸ்டர் மாடல் 70 வந்தபோதும், அதை வாங்கியவர்களில் வசதி உள்ளவர்கள் நேரே ஒரு கைவினைஞரிடம்தான் கொண்டுபோனார்கள். 'அவுட்டோர் லைஃப்' இதழில் நெடுங்காலம் துப்பாக்கிகளைப் பற்றி எழுதிய ஜாக் ஓகானர், .270 தோட்டாவுக்குப் பெரும் புகழ் தேடித்தந்தவர். அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் துப்பாக்கி தொழிற்சாலையில் பிறந்த மாடல் 70தான். ஸ்போகேன் நகரத்து ஆல் பைசன் அதற்கு வால்நட் கட்டை அமைத்துக் கொடுத்தார். கூட்டுவதை ஆதரிப்பவர்கள் ஓகானரை மேற்கோள் காட்டும்போது, பைசனின் உளி அதிகம் உழைத்தது கட்டையில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குறித்துல்லியத்தில் தொழிற்சாலைகள் படிப்படியாகக் கைவினைஞரை எட்டிப்பிடித்தன. 1958இல் வந்த சாவேஜ் 110, குழலை ஒரு மரையால் இறுக்கும் எளிய முறையைக் கொண்டுவந்தது. அதனால் ஒவ்வொரு துப்பாக்கியிலும் தோட்டா அறையின் ஆழத்தைச் சரியாக வைப்பது சுலபமாயிற்று. 1962இன் ரெமிங்டன் 700 உருண்டைக் கம்பியிலிருந்து கடையப்பட்ட ரிசீவரைக் கொண்டது. அது செலவையும் குறைத்தது, கோணலையும் குறைத்தது. குளிர்ந்த எஃகைச் சம்மட்டி எந்திரத்தில் அடித்துக் குழலாக்கும் முறையும், கணினி இயக்கும் கடைசல் எந்திரங்களும் பரவிய பிறகு, ஃபின்லாந்தின் டிக்கா டி3, ரூகர் அமெரிக்கன் போன்றவை வந்தன. ரூகர் ஐந்நூறு அறுநூறு டாலர் அளவிலான துப்பாக்கி. இந்த வகைத் துப்பாக்கிகள் நல்ல தோட்டாவோடு நூறு கெஜத்தில் ஓர் அங்குலத்துக்குள், அல்லது அதைச் சற்றே தாண்டி, குண்டுகளைச் சேர்ப்பது இன்று அதிசயமில்லை. இப்போது மானைப் பார்ப்போம். அதன் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறக்குறைய எட்டு அங்குல அகலம். நூறு கெஜத்தில் ஓர் அங்குலம் சிதறும் துப்பாக்கி முந்நூறு கெஜத்தில் மூன்று அங்குலம் சிதறும். அரை அங்குலம் சிதறும் விலையுயர்ந்த துப்பாக்கி ஒன்றரை அங்குலம். இரண்டுமே எட்டுக்குள் அடக்கம். அதே தூரத்தில் மணிக்குப் பத்து மைல் பக்கக் காற்று சாதாரண .308 குண்டை ஆறேழு அங்குலம் தள்ளிவிடும். மலையேறி மூச்சு வாங்கும் நெஞ்சு அதற்கு மேலும் தள்ளும். பட்டறையில் வாங்கிய அரை அங்குலம் இவற்றுள் எதையும் திருத்தாது.

மூன்று குண்டுகளைச் சுட்டுப் பார்த்து, இவ்வளவு அங்குலத்துக்குள் சேரும் என்று தொழிற்சாலைகள் தரும் உத்தரவாதத்தை நம்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மூன்று குண்டுகள் தற்செயலாக நெருங்கி விழலாம். பத்து சுட்டால் வட்டம் விரியும். ஆனால் கூட்டியவர்கள் பெருமையாகக் காட்டும் குறி அட்டைகளிலும் பெரும்பாலும் மூன்றே துளைகள்தான். அதே அளவுகோலை இரு பக்கமும் வைத்தால் இடைவெளி சுருங்கிப்போகிறது.

இன்னும் கனமான ஆட்சேபம், தொழிற்சாலை லாபத்துக்காகத் தரத்தை வெட்டும் என்பது. வெட்டியிருக்கிறது. 1964இல் வின்செஸ்டர் மாடல் 70இன் உற்பத்தியை மலிவாக்கியபோது வேட்டைக்காரர்கள் அதை ஏற்கவில்லை. அதற்கு முந்தையவை இன்றும் தனி விலைக்குப் போகின்றன. 2014இல் ரெமிங்டன் தன் விசை அமைப்பில் பிழை கண்டு ஏராளமான துப்பாக்கிகளைத் திரும்ப அழைத்தது. ஆயினும் அப்படித் திரும்ப அழைக்க ஒரு நிறுவனம் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கூட்டிய துப்பாக்கியில் குழலைச் செய்தவர் குழலுக்குப் பொறுப்பு, ரிசீவரைச் செய்தவர் ரிசீவருக்குப் பொறுப்பு. இரண்டும் சேரும் இடத்துக்குக் கூட்டியவரைத் தவிர யாரும் பொறுப்பில்லை. ஆபத்து குடியிருப்பதோ அந்தச் சேர்க்கையில்தான். மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா ஊன்றி நிற்கும் விளிம்புக்கும் இடையே உள்ள தூரம் மயிரிழை கூடினால், பித்தளைக் கூடு சுடும்போது நீண்டு அடிப்பக்கம் கிழியலாம். சூடான வாயு முகத்தை நோக்கிப் பீறிடும். பிரிட்டனில் புதுத் துப்பாக்கி விற்பனைக்கு வருமுன் லண்டன், பர்மிங்காம் போன்ற அங்கீகாரம் பெற்ற சோதனை இல்லம் ஒன்றின் முத்திரை கட்டாயம். அமெரிக்காவில் அப்படியொரு பொது இல்லம் இல்லை. தொழிற்சாலை தானே மிகை அழுத்தத் தோட்டாவால் சோதிக்கிறது. வீட்டு மேசையில் அது நடப்பதில்லை.

பழைய ஸ்பிரிங்ஃபீல்டு இதில் கடுமையான பாடம். முதலாம் உலகப் போர்க்காலம் வரை அந்த ஆலையில் எஃகின் சூட்டைத் தொழிலாளர்கள் அதன் நிறத்தைக் கண்ணால் பார்த்தே மதிப்பிட்டார்கள். வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளில் பழுத்த எஃகு மங்கலாகத் தெரியும். அதனால் அளவுக்கு மேல் சூடேற்றிவிட்டார்கள். அந்த ரிசீவர்களில் சில உடையும் தன்மை கொண்டவையாயின. வெப்பமானிகள் வந்த பிறகே அது தெரிந்தது, முறையும் மாற்றப்பட்டது. ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையின் 800,000க்குக் கீழான வரிசை எண்கள் அன்றிலிருந்து ஐயத்துக்கு உரியவை. ஆனாலும் அவற்றில் எத்தனையோ அழகிய வால்நட் கட்டைக்குள் புகுந்து வேட்டைத் துப்பாக்கிகளாயின. வெளியே மெருகேறிய மரம், உள்ளே பழைய எஃகு. இப்போது முன்னரே அளவெடுத்துக் கடைந்த குழல்கள் கிடைக்கின்றன, திருகினால் போதும், பயமில்லை என்கிறார்கள். பெருமளவு உண்மைதான். அளவுக் கருவி வைத்துச் சரிபார்க்காமல் அதை நம்புவது மட்டும் தவறு. மேலும் அப்படித் திருகுகிறவர் தொழிற்சாலையின் துல்லியத்தைத்தான் விலைக்கு வாங்குகிறார்.

பணத்தைப் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. தனியார் பட்டறையின் உயர்தர ரிசீவர் மட்டுமே ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. விற்கப்போனால் போட்ட பணம் பெரும்பாலும் திரும்புவதில்லை. அந்த மிகுதிப் பணத்துக்குத் தோட்டா வாங்கி, மண்டியிட்டும் மரத்தில் சாய்ந்தும் சுட்டுப் பழகியவர் காட்டில் மானைத் துன்புறுத்தாமல் வீழ்த்துவார். காயத்தோடு புதருக்குள் மறையும் விலங்கின் வேதனைக்கு முன்னால் துப்பாக்கியின் அழகைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்றும் உண்டு. 1937ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி தொழிற்சாலை ரைஃபிள்மீது 11 விழுக்காடு வரி உண்டு. அது மாநிலங்களின் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. ஆண்டுக்கு ஐம்பதுக்கும் குறைவாகச் செய்யும் சிறு பட்டறைக்கு அந்த வரியிலிருந்து விலக்கு. வேட்டைக்காரர்கள் பெருமை கொள்ளும் அந்த நிதிக்குத் தொழிற்சாலைத் துப்பாக்கி தன் பங்கைச் செலுத்திவிட்டுத்தான் கடைக்கு வருகிறது.

தன் கையால் செய்த கருவியோடு காட்டுக்குப் போவதில் ஒரு நிறைவு இருக்கிறது, அதை எந்தக் கணக்கும் பிடிக்காது என்று சொல்பவரை நான் மறுக்கவில்லை. மரத்தின் ரேகையைப் பார்த்துக் கட்டை தேர்ந்தெடுப்பதும், விசை எப்படி வேலை செய்கிறது என்று கழற்றிப் பார்த்து அறிவதும் நல்ல கல்வி. அந்த இன்பம் வேண்டும் என்று சொல்லிக் கூட்டலாம். குறி தவறாது என்று சொல்லிக் கூட்ட வேண்டாம்.

உடம்புக்குப் பொருந்துவது வேறு சங்கதி. தொழிற்சாலைக் கட்டையில் விசையிலிருந்து தோள்பட்டை வரை வழக்கமாகப் பதின்மூன்றரை அங்குலத்துக்கு மேல் இருக்கும். குட்டையான கையுள்ளவர் கனத்த குளிர்ச்சட்டையோடு அதைத் தூக்கும்போது அடிமுனை அக்குளில் சிக்கும். தலையை நீட்டினால்தான் ஸ்கோப்பில் முழு வட்டம் தெரியும். அந்த ஒரு நொடியில் மான் போய்விடும். தொழிற்சாலைகள் இதையும் உணரத் தொடங்கியிருக்கின்றன. பெண்களின் உடல்வாகுக்கென வெதர்பி நிறுவனம் 2016இல் கமிலா என்ற துப்பாக்கியைக் கொண்டுவந்தது. சாவேஜ் பின்னர் நீளத்தையும் கன்ன உயரத்தையும் மாற்றிக்கொள்ளும் கட்டையைத் தந்தது. இவை எட்டாத குறைகள் இன்னும் உண்டு: இடக்கையர் விரும்பும் தோட்டாவில் இடப்பக்கப் போல்ட் கிடைக்காமல் போவது, உயர்மலையில் ஆட்டு வேட்டைக்குப் போகும் மெலிந்தவருக்கு ஒவ்வொரு பவுண்டும் சுமையாவது, தோளில் அறுவை செய்துகொண்டவருக்கு உதைப்பு தாங்காமல் போவது. இவர்கள் பட்டறைக்குப் போவதில் முழு நியாயம் இருக்கிறது. மற்றவர்கள் முதலில் கடைத் துப்பாக்கியோடு ஒரு பருவம் நடந்து பார்க்கட்டும். குறை எங்கே என்று அப்போது தெரியும். பெரும்பாலும் அது கட்டையில்தான் இருக்கும். குழலையும் ரிசீவரையும் தொடாமலே அதை மாற்றிவிடலாம்.