கழற்சிக்காய் எதைக் கரைக்கிறது?

கழற்சிக்காயின் ஓடு கல்போல இருக்கும். உள்ளே இருக்கும் பருப்பு நாக்கில் பட்டால் கசப்பு லேசில் அகலாது. பெண்கள் ஒரு காலத்தில் கழங்காட எடுத்த அதே கொட்டைதான் இன்று நாட்டு மருந்துக் கடைகளில் மிளகோடு சேர்ந்து பொடியாகி, சினைப்பை நீர்க்கட்டியைக் கரைக்கும் என்ற உறுதிமொழியோடு விற்பனையாகிறது. பி.சி.ஓ.டி. என்று ஸ்கேனில் வந்துவிட்டால், வீட்டில் யாராவது ஒருவர் அதை வாங்கிவரச் சொல்வார்.

சிக்கல் ‘கட்டி’ என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. ஸ்கேனில் முத்துமாலைபோலத் தெரிபவை கட்டிகள் அல்ல; முழுதாக முதிராமல் பாதியில் நின்றுபோன சினைமுட்டைப் பைகள். பி.சி.ஓ.டி. உள்ள பெண்களில் பலருக்கு இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருக்கும். அது சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும். முட்டை முதிர்வது தடைப்படும். ஆக, கரைக்க அங்கே எதுவும் இல்லை.

அதற்காக மூலிகையே வீண் என்று ஒதுக்குவது வரலாறு அறியாத பேச்சு. இதே கோளாறுக்கு மருத்துவர்கள் எழுதித்தரும் மெட்ஃபார்மினின் பூர்வீகம் ஐரோப்பியச் செடியான கலேகா. அதிலுள்ள கலேகின் சர்க்கரையைக் குறைத்தது, ஆனால் நஞ்சாகவும் இருந்தது. அதன் வேதியியல் உறவான மெட்ஃபார்மின் 1922இல் ஆய்வகத்தில் உருவானது. நீரிழிவு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் வெளியிட்டது 1957இல்தான். செடிக்கும் மாத்திரைக்கும் இடையே அத்தனை ஆண்டு உழைப்பு கிடக்கிறது.

வெந்தயத்தின் கதையும் இதையே காட்டுகிறது. அதில் டயோஸ்ஜெனின் இருப்பதால் பெண் ஹார்மோன் கூடும் என்பார்கள். 1940களில் ரசல் மார்க்கர் மெக்சிகோவின் காட்டுக்கிழங்கிலிருந்து அதே டயோஸ்ஜெனினை எடுத்து புரோஜெஸ்டிரோன் செய்தது உண்மை. ஆனால் அது பல படிகளில் நடந்த வேதிமாற்றம். அதைச் செய்யும் நொதி நம் உடலில் கிடையாது. வெந்தயத்தின் நன்மை வேறு இடத்தில் இருக்கிறது: அதன் வழவழப்பான நார்ச்சத்து, உணவிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. இன்சுலின் மிகுந்த பெண்ணுக்கு இது சிறிய, ஆனால் மெய்யான உதவி. சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் அதிகமாக எடுத்தால் சர்க்கரை தாழ்ந்துபோகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கழற்சிக்காய்க்கு வருவோம். அதன் ஹார்மோன் விளைவு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் எலிகளில் நடந்தவை. “எனக்குப் பலித்தது” என்று சொல்லும் பெண்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கோளாறில் மாதவிடாய் சில மாதம் நின்று தானாகவே வருவதும் உண்டு; பொடி தின்ற மாதத்தில் வந்தால் பெயர் பொடிக்குத்தான். இதைவிடக் கவலை தருவது வேறொன்று. தைராய்டு குறைந்தாலும் புரோலாக்டின் கூடினாலும் மாதவிடாய் தள்ளிப்போகும். இரத்தப் பரிசோதனை செய்யாமல் பொடியை மட்டும் நம்பிக் காத்திருக்கும் மாதங்களில் அந்த நோய்கள் வளர்கின்றன.

சென்னையில் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் இருக்கிறது. அங்கே கழற்சிப் பருப்புப் பொடியை அளவு நிர்ணயித்து, கசப்பு தெரியாதபடி கேப்சூலில் அடைத்து, பாதிப் பேருக்கு வெறும் மாவைக் கொடுத்து, ஆறு மாதத்தில் எத்தனை பேருக்கு முட்டை முதிர்ந்து வெளிவந்தது என்று எண்ணிப் பார்க்கலாம். கழற்சிக்காயை நம்பிக் கசப்பை விழுங்கும் பெண்களுக்கு அந்த எண்ணிக்கை கிடைத்தாக வேண்டும்.