படிக ஏற்பியும் சென்னையின் தொடக்ககால வானொலி வரலாறும்

சென்னை வானொலியின் வரலாறு பெரிதும் ஒலிபரப்பியவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. பணமுடையால் 1927இல் அதன் ஒலிபரப்பு நின்றது. 1930இல் மாநகராட்சி அப்பணியை மேற்கொண்டது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்பட்டது. வரிசை சரியே. கேட்டவர் எதைக்கொண்டு கேட்டார் என்னும் வினாதான் எழுப்பப்படவில்லை.

ஆர்வலர் வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க கருவியாக அக்காலத்தில் இருந்தது படிக ஏற்பி. கம்பிச்சுருள், கலீனா என்னும் ஈயத்தாதுத் துண்டு, அதைத் தொட்டுநிற்கும் மெல்லிய கம்பி, காதொலிப்பான், நீண்ட வான்கம்பி, நிலத்தொடர்பு ஆகியன போதும். மின்கலம் வேண்டியதில்லை, வந்துசேரும் அலையின் ஆற்றலே ஒலியாகிறது. கழகம் தொடக்கத்தில் பயன்படுத்திய ஒலிபரப்பியோ 40 வாட் திறனுடையது. இத்தகைய ஏற்பி அருகில் இருப்பவருக்கே பயன்படும். தொலைவிலுள்ளோர் விலைமிக்க வால்வு ஏற்பியை நாடவேண்டும். எனவே கழகத்தின் பணமுடையை நிர்வாகச் செய்தியாக மட்டும் கடந்துவிட இயலாது.

மாநகராட்சி கடற்கரையில் ஒலிபெருக்கி அமைத்தபின் வானொலி கேட்டல் கூட்டச் செயலாயிற்று. இதனை வளர்ச்சி என்று மட்டும் கூறுவது அரைகுறை மதிப்பீடு. படிகத்தின் எப்புள்ளியில் ஒலி பிறக்கும் எனக் கம்பியை நகர்த்தித் தேடியவரை (பொறுமையைச் சோதிக்கும் வேலை அது) ‘நேயர்’ என்னும் சொல் முழுமையாகக் குறிப்பதில்லை. கேட்போரை நுகர்வோராக மட்டுமே கொள்ளும் ஊடக ஆய்வுகள், ஒலிபெருக்கிக் காலத்து நிலையை அதற்கு முந்தைய ஆண்டுகளின்மீது ஏற்றிவிடுகின்றன.