தேர்வு அறை அன்று, நோயாளியின் அறை

"நான் யார், சொல்லுங்கள் பார்க்கலாம்?" மறதிநோயுற்ற தாயையோ பெரியம்மாவையோ பராமரிப்பு இல்லத்தில் காணச் செல்லும் நாம், நாற்காலியில் அமர்ந்ததும் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் இதுவே. விடை வராதபோது மனம் நோகிறது. "என்னையே தெரியவில்லை, இனிப் போய் என்ன பயன்?" என்று திரும்புகிறோம். அத்துயரம் மெய்யானது. ஆயினும் அதனுள் ஒரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. நான் வந்தேன், அதற்கு ஈடாக நீ என்னை அறிந்துகொள்ள வேண்டும் என்பதே அக்கணக்கு. அதனைத் தயக்கமின்றி விரித்துக் காட்டும் சிறுகதை ஒன்றைக் குறித்து இங்குச் சிந்திப்போம்.

2013-ஆம் ஆண்டு இலக்கியத்திற்கான நோபெல் பரிசு பெற்ற கனடா நாட்டு எழுத்தாளர் ஆலிஸ் மன்றோ (1931-2024), 'மலையைக் கடந்து வந்த கரடி' என்று பொருள்படும் தலைப்பில் எழுதிய கதை அது. 1999-இன் இறுதியில் 'நியூ யார்க்கர்' இதழில் வெளிவந்து, 2001-இல் நூலில் இடம்பெற்றது. 2006-இல் சாரா பாலி அதனைத் திரைப்படமாக்கினார்.

கிரான்ட் ஒரு பேராசிரியர். அவருடைய மனைவி ஃபியோனாவுக்கு எழுபது வயதில் நினைவு தடுமாறுகிறது. எந்த இழுப்பறையில் எது இருக்கிறது என்று மஞ்சள் சீட்டில் எழுதிச் சமையலறையில் ஒட்டி வைக்கிறாள். பின்னர் மெடோலேக் என்னும் இல்லத்தில் சேர்கிறாள். புதிய இடத்திற்குப் பழகும் பொருட்டு முதல் முப்பது நாட்கள் எவரும் காண வரலாகாது என்பது அவ்வில்லத்தின் விதி. முப்பது நாட்களுக்குப்பின் பூங்கொத்தோடு செல்லும் கணவரை, அவள் புதிதாய் வந்த யாரோ ஒருவரைப்போல் இன்முகத்தோடு உபசரிக்கிறாள். அவளது உள்ளமோ, சீட்டாட்ட மேசையில் அமர்ந்திருக்கும் ஆப்ரே என்னும் மற்றொரு நோயாளியிடம் ஒன்றியிருக்கிறது.

இங்கேதான் மன்றோவின் கூர்மை வெளிப்படுகிறது. கிரான்ட் குற்றமற்ற கணவர் அல்லர். ஒரு காலத்தில் பிற பெண்களோடு உறவு கொண்டு மனைவியை ஏமாற்றியவர். அவள் நடிக்கிறாளோ என்றுகூட ஐயுறுகிறார். நோயுற்றவரின் மறதியையும் தன்னைப் பற்றிய தீர்ப்பாகவே கொள்ளும் மனத்தின் இயல்பை ஆசிரியர் எத்துணை நுட்பமாய்க் கண்டிருக்கிறார்!

ஆப்ரேயை அவர் மனைவி மரியன் வீட்டிற்கு அழைத்துச் செல்கிறாள். ஃபியோனா அழுது, உணவு மறுத்து, நலிகிறாள். அப்போது கிரான்ட் மரியனைத் தேடிச் சென்று, ஆப்ரேயை மீண்டும் இல்லத்திற்கு அழைத்துவரக் கேட்கிறார். தன்னை மறந்த மனைவிக்காக, அவள் நினைத்து ஏங்கும் மனிதனைத் தேடிச் செல்கிறார்! அவர் மேற்கொள்ளும் சந்திப்புகளுள் மெய்யான முதற்சந்திப்பு, இல்லத்திற்கு வெளியே நிகழும் இதுவே எனலாம்.

எனினும் இதனைத் தியாகத்தின் வெற்றி என்று கொண்டாட மன்றோ இடம் தரவில்லை. மரியன் தனித்திருப்பவள். கணவரை நிரந்தரமாக இல்லத்தில் சேர்த்தால் குடியிருக்கும் வீட்டையே இழக்க நேரும் என்று அஞ்சுபவள். அவளது தனிமையைக் கிரான்ட் தம் நோக்கத்திற்குப் பயன்படுத்துகிறாரோ என்னும் ஐயம் இறுதிவரை நீங்குவதில்லை. கதையில் என் மனம் முழுதும் ஒப்பாத இடமும் இதுவே. ஒரு பெண்ணின் ஆறுதலுக்கு மற்றொரு பெண் விலை கொடுக்கிறாள். நோயாளியை வீட்டில் வைத்துப் பேணும் பெண்களின் சுமையை நன்கறிந்த நம் குடும்பங்களில், ஃபியோனாவைவிட மரியனுக்காகவே அதிகம் இரங்குவோர் இருக்கக்கூடும்.

முடிவு நம் கேள்விக்கே திரும்புகிறது. ஆப்ரேயை அறைக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே செல்லும் கிரான்ட், அவரை நினைவிருக்கிறதா என்று மனைவியிடம் கேட்கிறார். அத்தனை பட்டபின்பும் அவர் வாயில் வருவது தேர்வுக் கேள்விதான்! ஃபியோனா அத்தேர்வில் தோற்கிறாள். ஆனால், கேளாத ஒன்றுக்கு விடை தருகிறாள். கணவரைத் தழுவிக்கொண்டு, நீங்கள் என்னை விட்டுப் போயிருக்கலாமே என்கிறாள். கைவிடுதல் என்பதற்குரிய சொல்லைத் தேடி நாத்தடுமாறுகிறாள். அந்த நொடி நிலைக்குமா என்று கதை சொல்லவில்லை. பெயர்கள் உதிர்ந்த பின்னும், தான் கைவிடப்படவில்லை என்னும் உணர்வு எஞ்சியிருக்கக்கூடும் என்பதை மட்டும் காட்டி நின்றுவிடுகிறது.

நோயுற்றோரைக் காணச் செல்வது இரக்கச் செயல்களுள் ஒன்று என்று சிறுவயதிலேயே பயின்றோம். அவர்கள் நம்மை அறிந்துகொண்டால்தான் அது நிறைவுறும் என்று எவரும் நமக்குக் கற்பிக்கவில்லை. அடுத்தமுறை செல்லும்போது, "நான் யார்?" என்று கேளாமல், "நான் உங்கள் மகன், வந்திருக்கிறேன்" என்று நாமே சொல்லி அருகில் அமர்வோம். பெயர் சொல்லும் பொறுப்பை, நினைவு உள்ளவர்களே ஏற்றுக்கொள்ளட்டும்.