மாட்டுக்காரன் கதையில் மாடு

கௌபாய்க் கதைகளைப் பற்றி நம் விமரிசகர்கள் பேசுவதில்லை. பேசினால் அந்தஸ்து குறைந்துவிடும் என்று எண்ணுகிறார்களோ என்னவோ. ஆனால் அந்தப் பழைய காகிதங்களைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் தமிழ்நாட்டில் ஒரு தனிக் கூட்டமாகவே இருக்கிறார்கள். 1972இல் கர்ணன் டைரக்‌ஷனில் வந்த 'கங்கா', 'ஜக்கம்மா' படங்களின் பாட்டுப் புத்தகங்கள், அதே ஆண்டு தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984இல் வந்த லயன் காமிக்ஸ் - இவற்றின் பழைய பிரதிகள் இன்று கைமாறும் விலையைக் கேட்டால், நாவல் எழுதிப் பிழைக்கிறவனுக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஆம்பூரில் அப்படிச் சேர்ப்பவர் ஒருவர் எனக்குச் சிநேகிதர். இதழ்களைக் கண்ணாடிக் காகித உறைக்குள் வைத்திருக்கிறார். உறையைப் பிரிக்கச் சம்மதம் வாங்குவதற்கே அரை நாள் ஆயிற்று. பிறகு இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன்.

சினிமாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஜெய்சங்கருக்குத் தொப்பி பொருந்தியது. காமிக்ஸ் விஷயம் வேறு. டெக்ஸ் வில்லரை 1948இல் பொனெல்லி எழுத, கலெப்பினி வரைந்தார். இருவரும் இத்தாலியர். அவர்கள் கற்பனை செய்த அமெரிக்கா சிவகாசியில் தமிழாகி, ஆம்பூர்ப் பையன்களைத் தூங்கவிடாமல் அடித்திருக்கிறது. வெள்ளைக்காரனான டெக்ஸ், நவஹோ மக்களுக்கு 'இரவுக் கழுகு' என்ற தலைவன். அவனுடைய நியாய உணர்ச்சி பாசாங்கு என்று எனக்குத் தோன்றவில்லை. கேப்டன் டைகர் இன்னும் ஒரு படி மேல். அவன் முகத்தில் அழுக்கும் களைப்பும் உண்டு.

ஆனால், கௌபாய் என்றால் மாட்டுக்காரன். அவன் பூட்ஸ், இடைவார், துப்பாக்கி உறை, சேணம் எல்லாம் தோல். நான் படித்த கதைகளில் வேட்டைக்காரன் வருகிறான், மாட்டுத் திருடன் வருகிறான். தோலைப் பதனிடுகிறவன் மட்டும் வரவே இல்லை. சரித்திரம் அப்படியல்ல. 1870களில் காட்டெருமைத் தோலை ஆலைகளின் இயந்திர வார்களுக்கு ஏற்றபடி பதனிடும் முறை கைவந்ததும், சில ஆண்டுகளில் லட்சக்கணக்கான எருமைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். தோலை உரித்துக்கொண்டு உடலை வெட்டவெளியில் அழுகவிட்டார்கள். அந்த எருமையை நம்பி வாழ்ந்த பழங்குடிகள் பட்டினி கிடந்தார்கள்.

வேறு ஊரில் படித்திருந்தால் எனக்கு இது உறைத்திருக்காது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல், சென்னை வழியாக லண்டன் சந்தைக்குப் போனது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸுக்கு மேல்தோலாயிற்று. பின்னால் குரோமியம் வந்தது, பாலாறு கெட்டது, 1996இல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்றவன் பெரும்பாலும் தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்டவன். அவன் தொட்ட தண்ணீரைக் குடிக்காத வீட்டுப் பையன்களும் இடுப்பு முதல் கால்வரை தோல் போட்ட டெக்ஸைக் கொண்டாடியிருக்கிறார்கள்! கதை அந்த வசதியை அவர்களுக்குச் செய்து கொடுத்தது. இதைத்தான் அதன் பெரிய குறையாக நான் கருதுகிறேன்.

சேர்ப்பவரின் அலமாரியிலும் அதே குறை. கோட்டையூர் ரோஜா முத்தையா நாவலோடு நோட்டீஸையும் கல்யாணப் பத்திரிகையையும் சேர்த்து வைத்தார். அவர் 1992இல் காலமான பின், 1994இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. அந்தக் கண் நம் சிநேகிதருக்கு இல்லை. அவருடைய தாத்தா ஆவாரம்பட்டை மண்டி வைத்திருந்தவர். அந்தக் கணக்குப் புத்தகங்கள் எங்கே என்று கேட்டேன்.

"அதெல்லாம் எடைக்குப் போட்டு ரொம்ப நாளாச்சு, சார்" என்றார்.