கதவும் கைகளும்

புராதனச் சின்னம் என்றதும் நம் மனதில் எழுவது கோபுரம், கோட்டை, அரண்மனை. ஆலையின் புகைபோக்கியை அந்த வரிசையில் வைக்க நமக்குக் கூச்சம். ஆலையில் உழைத்துப் போனவர்களின் வாழ்க்கை நமக்குச் சரித்திரமாகப் படவில்லை என்பதே இதற்குக் காரணமாக இருக்க வேண்டும். மூடிய சுரங்கங்களையும் ஆலைகளையும் காப்பாற்றி மறு உபயோகத்துக்குக் கொண்டுவருவதில் வெகுதூரம் போயிருக்கும் நாடு ஜெர்மனி. இந்தக் கூச்சம் அங்கு எப்படி விலகியது, விலகும்போது எதைக் கைவிட்டது என்று பார்ப்பது நமக்கும் பிரயோஜனப்படும்.

1969இல் டார்ட்மண்ட் நகரிலுள்ள ஸோலர்ன் நிலக்கரிச் சுரங்கத்தின் இயந்திரக் கூடம் இடிபடவிருந்தது. எஃகுச் சட்டமும் செங்கல்லுமாக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த கூடம். அதன் வாசலை ப்ரூனோ மோரிங் என்ற கட்டடக் கலைஞர் வண்ணக் கண்ணாடி பதித்து, அந்நாளைய புதுப்பாணியின் வளைவு நெளிவுகளோடு அமைத்திருந்தார். கலைஞர்களும் அறிவாளிகளும் குரல் கொடுக்க, கூடம் பிழைத்தது. ஜெர்மனியில் தொழிற் கட்டடங்களை நினைவுச் சின்னங்களாக ஏற்கும் போக்குக்கு இதுவே ஆரம்பம் என்கிறார்கள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் கூடத்தைக் காப்பாற்றியது அதன் கதவு. அந்த வண்ணக் கண்ணாடி இல்லாமல், உள்ளே ஓடிய இயந்திரமும் அதை ஓட்டிய கைகளும் மட்டும் சாட்சியாக நின்றிருந்தால் கூடம் தப்பியிருக்குமா? தப்பியிராது என்றே எனக்குப் படுகிறது.

அலங்காரக் கதவு இல்லாத கட்டடங்களையும் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர்கள் பெர்ன்ட் பெக்கரும் அவர் மனைவி ஹில்லா பெக்கரும். தண்ணீர்த் தொட்டிகள், ஊதுலைகள், சுரங்க வாயில் நிற்கும் இரும்புக் கோபுரங்கள் என்று பல பத்தாண்டுகள் இவர்கள் படமெடுத்தார்கள். கறுப்பு வெள்ளை, மேகம் மூடிய வானம், நேருக்கு நேரான பார்வை. நிழல் இல்லை, ஆளும் இல்லை. ஒரே வகைக் கட்டடங்களின் படங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிக் காட்டினார்கள். 1970இல் வந்த இவர்களுடைய புத்தகத்தின் தலைப்பு ‘அநாமதேயச் சிற்பங்கள்’. 1990இல் வெனிஸ் பைனாலே இவர்களுக்குப் பரிசளித்தபோது, அது சிற்பத்துக்கான பரிசாகவே இருந்தது.

இந்தப் படங்களில் ஆட்கள் இல்லை என்று பெக்கர்களைக் குற்றம் சாட்டுவது சுலபம், சரியுமல்ல. உலைவாயில் நின்று சிரிக்கும் தொழிலாளியின் படம் எத்தனை பிரசாரத்துக்குப் பயன்பட்டிருக்கிறது என்று நமக்குத் தெரியும். உணர்ச்சியைக் கிளப்ப மறுக்கும் அவர்களுடைய வறட்சியில் ஒரு நேர்மை இருக்கிறது. பிரச்னை வேறு இடத்தில். அவர்களுடைய பார்வையை வாங்கிக்கொண்ட ஸ்தாபனங்கள் அதையே அளவுகோலாக்கிவிட்டன. ‘அநாமதேயம்’ என்ற சொல்லுக்குள் இரண்டு பேர் மறைந்திருக்கிறார்கள்: கட்டியவன் ஒருவன், அதில் வெந்தவன் மற்றொருவன். கட்டியவனின் பெயரின்மை அழகியல் குணமாக உயர்ந்தது. வெந்தவனின் பெயரின்மை அப்படியே பெயரின்மையாக நின்றது.

எஸ்ஸன் நகரின் ஸோல்ஃபெரைன் சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். ஃப்ரிட்ஸ் ஷுப், மார்ட்டின் க்ரெமர் என்ற இருவரும் வடிவமைத்த அதன் பன்னிரண்டாவது சுரங்கக் குழி 1932இல் இயங்கத் தொடங்கியது. நாளொன்றுக்கு 12,000 டன் கரி. 1986இல் மூடப்பட்டது, 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உலகத்தின் மிக அழகான சுரங்கம் என்று அதைச் சொல்வது வழக்கம். கரி கழுவிய பெருங்கூடத்தை ரெம் கூல்ஹாஸின் அலுவலகம் மாற்றி அமைக்க, 2010 முதல் அதற்குள் ரூர் மியூசியம் இருக்கிறது. ஆரஞ்சு வெளிச்சத்தில் ஜொலிக்கும் 58 மீட்டர் நீள நகரும் படிக்கட்டு பார்வையாளரை 24 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிச் செல்கிறது. அங்கிருந்து அவர் தளம் தளமாகக் கீழே இறங்கிப் பார்த்து வர வேண்டும். மேலே ஏறி, பிறகு படிப்படியாக இறங்குவது கரி போன வழி. பழைய செயல்முறையைப் புதிய உபயோகத்துக்குள் வைத்துக் காட்டும் இந்த யோசனை புத்திசாலித்தனமானது; மறுக்கவில்லை. ஆனால் சுரங்கத் தொழிலாளி போன வழி இதற்கு நேர்மாறானது. அவன் முதலில் இறங்கினான், உயிரோடிருந்தால் ஏறினான். பார்வையாளர் கரியின் பிரயாணத்தைச் செய்கிறார், மனிதனின் பிரயாணத்தை அல்ல.

இன்னொரு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்கு ஃபோல்க்லிங்கன் இரும்பாலை உதாரணம். இதுவும் 1986இல் மூடப்பட்டது. 1994இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் பெற்றது. இரண்டாம் உலக யுத்தத்தில் 12,000க்கும் மேற்பட்டவர்கள் இங்கே கட்டாய வேலையில் அடைக்கப்பட்டிருந்தார்கள். 2018இல் ஃப்ரெஞ்சுக் கலைஞர் கிறிஸ்தியன் போல்தான்ஸ்கி ஆலைக்குள்ளேயே அவர்களுக்கு ஒரு நினைவிடம் அமைத்தார். ஆவணக் காப்பகம் போல் அடுக்கிய பெட்டிகள், கருத்த உடைகளின் குவியல், பெயர்களை முணுமுணுக்கும் குரல்கள். கலைஞனை அழைத்து மனசாட்சிக்கு ஒரு மூலை ஒதுக்கும் காரியமாகவும் இது போயிருக்கலாம். அப்படிப் போகாததற்குக் காரணம், அந்தப் பெயர்களைக் கேட்ட பிறகு வெளியே வந்து ஊதுலையை வெறும் சிற்பமாகப் பார்க்க முடியாது என்பதே. கட்டடத்தில் ஒரு செங்கல்லும் மாறவில்லை. பார்வை மாறிவிட்டது.

எனவே மதிப்பீடு வடிவத்தோடும் வயதோடும் நிற்கக் கூடாது. மறு உபயோகத்துக்குப் பிறகும் இங்கே யார் என்ன வேலை செய்தார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பது தெரிகிறதா என்று கேட்க வேண்டும். தெரியாவிட்டால் காப்பாற்றப்பட்டது வெறும் ஓடு.

இந்தக் கேள்வி நம் ஊருக்கும் உரியது. சென்னையின் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டே 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று கருதப்படுவது அது. 1921இல் வேலைநிறுத்தம், துப்பாக்கிச் சூடு, சாவுகள். ஆலை 1996இல் மூடப்பட்டது. பிறகு அதன் பாழ்ச்சுவர்கள் சினிமாப் படப்பிடிப்புக்கு உபயோகப்பட்டன. இன்று அந்த நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள். பெக்கர்களின் கேமராவில் ஆட்கள் இல்லை. நம் கேமராவில் இருந்தார்கள்: கதாநாயகனிடம் அடி வாங்கும் அடியாட்கள். அந்த ஆலையை நாம் பார்த்தது அப்படித்தான்.