செருப்பைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்

வண்டலூரிலிருந்து படப்பை வழியாக வாலாஜாபாத் போகிற சாலையில் பள்ளிக்கூட போர்டுகளுக்குப் பஞ்சமில்லை. படிப்போடு பாட்டு, டான்ஸ், நாடகம் எல்லாம் உண்டு என்கிறார்கள். இப்படிச் சொல்லும் பள்ளிகள் சாட்சிக்குக் காட்டுவது பெரும்பாலும் ஒரு போட்டோதான்: ஏ.சி. ஆடிட்டோரியம், வரிசையாகக் குஷன் நாற்காலிகள்.

அது ஆண்டு விழாவுக்கு. மற்ற நாளெல்லாம் பிள்ளைகள் எங்கே ஆடுகிறார்கள்? பெஞ்சை ஓரம் தள்ளிவிட்டு, டைல்ஸ் தரையில்!

பரதநாட்டியம் தரையைத் தட்டி ஆடுகிற கலை. கான்கிரீட்டின் மேல் ஒட்டிய டைல்ஸ் அந்த அடியை வாங்கிக்கொள்ளாது. முழங்காலுக்கே திருப்பி அனுப்பும். அடியில் கொஞ்சம் இடைவெளி விட்டு, சட்டத்தின் மேல் பலகை அடித்தால் அதிர்ச்சி குறையும். பட்ஜெட்டில் நாற்காலிக்குப் பிறகு மிச்சமிருந்தால்தானே தரைக்கு?

அடுத்தது காது. 1895-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புது லெக்சர் ஹாலில் பேசியது யாருக்கும் புரியவில்லை. சபைன் என்ற பௌதிக ஆசிரியர், பக்கத்துத் தியேட்டரிலிருந்து இரவோடு இரவாக நாற்காலி மெத்தைகளைத் தூக்கி வந்து போட்டு அளந்து பார்த்தார். அறை பெரிதானால் ஒலி அடங்க நேரமாகும், மெத்தை மாதிரிப் பொருள்கள் இருந்தால் சீக்கிரம் அடங்கும் என்று கணக்கே போட்டுக் காட்டினார். நம் ஆடிட்டோரியங்களில் ஒலி எதிரொலித்தால் என்ன செய்கிறோம்? இன்னும் இரண்டு ஸ்பீக்கர் வாங்குகிறோம்.

பரதரின் நாட்டிய சாஸ்திரம் இதையெல்லாம் எப்போதோ யோசித்துவிட்டது. 64 முழ நீளம், 32 முழ அகலம் கொண்ட நடுத்தர அரங்கமே மனிதர்களுக்கு நல்லது என்கிறது. அதைவிடப் பெரிதானால் வசனம் தெளியாது, முகபாவம் தெரியாது. ருக்மிணி தேவி 1936-ல் தொடங்கிய கலாக்ஷேத்ராவின் திருவான்மியூர் அரங்கம், கேரளக் கோயில் கூத்தம்பலத்தை மாதிரியாக வைத்து அப்புக்குட்டன் நாயர் வடிவமைத்தது. அதன் கூரையை காப்பி அடிப்பது சுலபம். தினசரி வகுப்பு மரநிழலில் சின்னச் சின்னக் குடில்களில் நடக்கிறதே, காப்பி அடிக்க வேண்டியது அதைத்தான்.

எல்லாக் கலைக்கும் ஒரே ஹால் என்பதும் அபத்தம். நாதஸ்வரத்தைச் சின்ன அறையில் வாசித்தால் காது கிழியும்; வீணை பெரிய ஹாலில் காணாமல் போகும். இதே சாலையில் நேரே போனால் காஞ்சிபுரம். அதன் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில், பி. ராஜகோபால் முதலானவர்கள் 1990-ல் தொடங்கிய கட்டைக்கூத்து சங்கம் 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலம் நடத்தியது. பிள்ளைகள் பள்ளிப் பாடமும் படித்தார்கள், கூத்தும் கற்றார்கள். ஆண்களே ஆடிவந்த கூத்தைப் பெண் பிள்ளைகளும் ஆடினார்கள். விடிய விடிய வெட்டவெளியில் ஆடுகிற கூத்துக்கு வேண்டியது திறந்த களம். அந்தக் கலைஞனை ஏ.சி. ஹாலில் திரை கட்டிய மேடையில் நிறுத்தினால் அவன் பாதிக் கூத்தனாகிவிடுவான்.

ஆகவே, புதிதாகக் கலைப் பள்ளி கட்டுகிறவர்களே, முதலில் எந்தக் கலை என்று முடிவு செய்யுங்கள். பிறகு தரை, பிறகு சுவர். வாத்தியங்களுக்கு ஈரம் ஏறாத ஒரு அறை. மிருதங்கத்தின் தோல் புழுக்கத்துக்கும் திடீர் ஏ.சி.க்கும் மாறி மாறி ஆளானால் சுருதி நிற்காது. ஆடிட்டோரியம் கடைசியில் வரட்டும். வராவிட்டாலும் குடி முழுகாது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. அட்மிஷனுக்குப் போகும்போது ஆடிட்டோரியத்தைக் காட்டினால் பார்த்துவிட்டு, டான்ஸ் கிளாஸ் எங்கே நடக்கிறது என்று கேளுங்கள். அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு நாலு தரம் ஓங்கி மிதியுங்கள். ஒரு தரம் கை தட்டுங்கள்.

காலும் காதும் சொல்வதைக் கேட்டுவிட்டு அப்புறம் ஃபீஸ் கட்டுங்கள்.